காதின் சாட்சியம்

சென்ற மாதம் கௌண்டரில் ஒருவர் பணம் எடுக்க வந்தார். ஒடிசாக்காரர், கட்டட வேலை. பாஸ்புக் சரி, கையெழுத்தும் பொருந்தியது. தமிழில்தான் பேசினார். ஆனாலும் ஆதார் அட்டையைக் கேட்டேன். அவருக்குப் பின்னால் நின்றவரிடம் கேட்கவில்லை. அவருக்கு ழகரம் வரவில்லை என்பது என் காதில் பட்டிருந்தது. எங்கள் கிளையிலேயே பாதிப்பேருக்கு அது வராது. அவர்களை நான் சந்தேகித்ததில்லை.

இதை வெறுப்பு என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அந்தக் கணத்தில் என்னிடம் வெறுப்பு இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு சிரமம் மட்டும் இருந்தது.

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிரி லெவ்-ஆரியும் போவஸ் கேஸரும் 2010இல் வெளியிட்ட சோதனை ஒன்று இந்தச் சிரமத்தைப் பற்றியது. ஒட்டகத்தைவிட ஒட்டகச்சிவிங்கி அதிக நாள் தண்ணீரின்றி இருக்கும் என்பது போன்ற வாக்கியங்களைப் பலர் வாசித்தார்கள். எழுதிக் கொடுத்ததைத்தான் அவர்கள் வாசிக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்குத் தெரியும். இருந்தும் அயல் உச்சரிப்பில் வந்த வாக்கியம் குறைவாகவே நம்பப்பட்டது. கேட்பதிலுள்ள சிரமத்தை மனம் விஷயத்தின் மீதான ஐயமாக மாற்றிக்கொள்கிறது என்பது அவர்கள் விளக்கம். சோதனையின் நோக்கத்தை முன்கூட்டிச் சொன்னபோது லேசான உச்சரிப்பு விஷயத்தில் கேட்பவர்கள் தம்மைத் திருத்திக்கொண்டார்கள். கனத்த உச்சரிப்பில் முடியவில்லை. பின்னால் நடந்த சோதனைகள் எல்லாமே இம்முடிவை உறுதி செய்துவிடவில்லை.

இந்த விளக்கம் எனக்கு ஆறுதலாக இருந்தது. அதனாலேயே சந்தேகமும் வந்தது. பழியைக் காதின்மேல் போட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ளலாமா?

அமெரிக்காவில் டொனால்ட் ரூபின் 1992இல் வெளியிட்ட ஆய்வு இந்த ஆறுதலைக் கலைக்கிறது. பதிவு செய்யப்பட்ட ஒரே குரல், அமெரிக்கக் குரல். கூடவே காட்டிய புகைப்படம்தான் வேறு. ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் அதில் அயல் வாடையைக் கேட்டார்கள். விஷயமும் அவர்களுக்குக் குறைவாகவே புரிந்தது. அங்கே சிரமம் ஒலியில் இல்லை. கண் முன்பே தீர்மானித்ததற்குக் காது பின்னால் வந்து சாட்சி சொல்லியிருக்கிறது.

தீர்ப்புக்கு உள்ளாகிறவரும் அதற்கு உடன்பட்டுவிடுகிறார் என்பது இன்னும் சங்கடமானது. மாண்ட்ரியலில் வாலஸ் லாம்பர்ட் குழுவினர் 1960இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழியாளர்கள் ஒரே பகுதியை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வாசித்தார்கள். இரண்டும் ஒரே ஆளின் குரல் என்று கேட்டவர்களுக்குத் தெரியாது. பிரெஞ்சுக்காரர்களே பல குணங்களில் ஆங்கிலக் குரலுக்குத்தான் அதிக மதிப்புத் தந்தார்கள். எனக்கு இது புதிதல்ல. ஆங்கிலத்தில் பி.ஏ. படித்தவன் நான். வெளியூரில் ஒரு பயிற்சி வகுப்பில், என் ஆங்கிலம் என் காதிலேயே விழுந்ததும், கேட்க எழுந்த கேள்வியைக் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை.

இச்சையின்றி மனதில் எழுவதற்கு மனிதன் பொறுப்பா? முதல் கணத்துக்கு அல்ல என்றே நினைக்கிறேன். ஆனால் அட்டையைக் கேட்டது முதல் கணம் அல்ல. சிரமத்தைச் சிரமம் என்று அடையாளம் கண்டு, இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கலாம். அதைச் சந்தேகம் என்று பெயர் மாற்றியது நான். அட்டை கேட்பதென்றால் எல்லோரிடமும் கேட்க வேண்டும், இல்லையென்றால் யாரிடமும் கேட்கக்கூடாது. காதைத் திருத்த முடியாமல் போகலாம், கையையாவது நிறுத்தலாம்.

அன்று நான் கேட்டு முடிப்பதற்குள் அவர் சட்டைப்பையிலிருந்து அட்டை வெளியே வந்துவிட்டது. அவர் அதைத் தயாராக வைத்திருந்தார்.