வாடகை வீடும் வட்டியில்லா வருவாயும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் துவங்குகிறோம்.



அண்மையில் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் சகோதரர் ஒருவர் நம்மிடம் வந்து அமர்ந்தார். "ஹஜ்ரத்! 18 வருஷம் வளைகுடாவில் உழைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். செம்மங்குப்பத்தில் கொஞ்சம் மனை இருக்கிறது. சிப்காட் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட நாலு சின்ன வீடுகள் கட்டப் பார்க்கிறேன். கையிலுள்ள பணம் இரண்டுக்குத்தான் காணும். மற்ற இரண்டையும் ஒத்திக்குப் பேசி, அந்தப் பணத்திலேயே கட்டிவிடலாம் என்று ஒருவரிடம் 50,000 ரூபாய் வாங்கியும் விட்டேன். பேங்கு வட்டிதானே ஹராம்? ஒத்தியில் வட்டியே இல்லையே!" என்றார்.

இவ்வாறு எண்ணுவோர் நம்மில் ஏராளம். ஆதலின் அவருக்குக் கூறியதையே இங்கு விரித்துரைக்கிறோம்.

வீடு கட்டி வாடகைக்கு விடுவது ஆகுமான தொழிலே. ஷரீஅத்தில் இதற்கு 'இஜாரா' என்று பெயர். நமது பொருள் நம் கையிலேயே இருக்க, அதன் பயனை மட்டும் குறித்த காலத்திற்குக் குறித்த கூலிக்கு விற்கிறோம். நபி மூஸா (அலை) அவர்கள் மத்யனில் கூலிக்கு அமர்ந்த வரலாறு அல்கஸஸ் அத்தியாயத்தில் வருகிறது. அங்கே எட்டு ஆண்டுகள் என்று காலம் பேசப்பட்டதையும், மேல் இரண்டாண்டுகள் அவர்களுடைய விருப்பத்திற்கே விடப்பட்டதையும் காண்க. பேச்சில் தெளிவு இருந்தால் பின்னர் பிணக்கு இல்லை.

ஒத்தியின் நிலை என்ன? உதாரணமாக, ஒருவர் 3 லட்சம் ரூபாய் கொடுத்து மூன்று ஆண்டுகள் ஒரு வீட்டில் வாடகையின்றிக் குடியிருக்கிறார். தவணை முடிந்ததும் அதே 3 லட்சத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார். அவர் கொடுத்தது கடன். கடன் முழுமையாக வந்து சேர்ந்துவிட்டது. அந்த வீட்டின் நியாயமான வாடகை மாதம் 4,000 ரூபாய் என்றால், 36 மாதங்களில் அவர் இலவசமாக அனுபவித்தது 1,44,000 ரூபாய். இது எதற்குக் கிடைத்தது? கடன் கொடுத்ததற்கன்றோ! நிபந்தனையிட்டுக் கடனின் மூலம் பெறும் ஆதாயம் வட்டியே என்பது நான்கு மத்ஹபு இமாம்களின் முடிவாகும். ரூபாயாக வாங்கினால் வட்டி, வீடாக அனுபவித்தால் வட்டியில்லை என்று கூற இடமில்லை. வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் அதற்கு எழுத்தும் சாட்சியுமாக நிற்பவர்களும் பாவத்தில் சமமானவர்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அட்வான்ஸை மிக உயர்த்தி, அதற்கு ஈடாக வாடகையைக் குறைத்துக் கொள்வதும் இந்த வாசல் வழியே நுழைவதுதான்.

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. உள்ள பணத்தில் முதலில் இரண்டு வீடுகளைக் கட்டி முடிக்கட்டும். அவற்றைக் குடியேறுபவரின் சம்மதத்தோடு மூன்றாண்டு வாடகையை முன்கூட்டியே பெற்றுக்கொண்டு விடலாம். மொத்தமாகத் தருவதால் மாதம் 4,000க்குப் பதில் 3,500 என்று பேசினாலும் தவறில்லை. ஒரு வீட்டிற்கு 1,26,000 ரூபாய் கைக்கு வரும். அது கடனன்று, வாடகை. அதைக் கொண்டு அடுத்த வீட்டிற்கு அஸ்திவாரம் போடலாம். கட்டாத வீட்டை இன்றே வாடகைக்குப் பேசுவது நம் ஷாஃபிஈ மத்ஹபில் செல்லாது என்பதையும் மறவாதீர்கள். பணமுள்ள இன்னொருவரைக் கூட்டாளியாகச் சேர்த்து, மனையிலும் கட்டிடத்திலும் அவரவர் பங்குக்கேற்ப வாடகையைப் பகிர்ந்துகொள்வதும் நல்ல வழியே.

இனி, வீட்டுக்காரரின் கடமைகளைக் கவனிப்போம். நம் ஷாஃபிஈ மத்ஹபின்படி, "மாதம் இவ்வளவு" என்று மட்டும் சொல்லி முடிவு காலம் கூறாமல் விடுவது செல்லாது. எனவே 11 மாதம், ஓராண்டு என்று காலத்தைக் குறித்து எழுதிக்கொள்க. 2019 பிப்ரவரி முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் எழுத்து ஒப்பந்தத்தையே கேட்கிறது. வேறு உடன்பாடு இல்லாதபோது, குடியிருப்பு வீட்டிற்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது.

சாவி ஒப்படைப்பதும் பழுது பார்ப்பதும் வீட்டுக்காரரைச் சார்ந்தவை. அவர் உடனே பழுது பார்க்காவிட்டால், ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கடலூர்ப் பகுதியைத் தாக்கியதை யார்தான் மறப்பார்? கூரை பறந்தால் போட்டுத் தருவது யார் பொறுப்பு என்பதை ஷரீஅத் அன்றே சொல்லிவிட்டது. வீடு முழுவதும் இடிந்துபோனால், மீதிக் காலத்திற்குரிய வாடகையைத் திருப்பித் தந்தாக வேண்டும்.

குறைகளை மறைக்கவும் கூடாது. சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் நிலத்தடி நீர் கெட்டுவிட்டதென்று நீண்ட காலமாக முறையீடு இருந்து வருகிறது. கிணற்று நீரைப் பரிசோதிக்காமல் "நல்ல தண்ணீர்" என்று சொல்லி வாடகைக்கு விடுவது மோசடியாகும். மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற நபிமொழி சந்தையில் தானியம் விற்றவருக்கு மட்டும் உரியதன்று. வட மாநிலத்திலிருந்து வந்தவர், மொழி தெரியாதவர் என்பதற்காக ஓர் அறையில் பத்துப் பேரை அடைப்பதும், கரண்டு பில் என்று கூறி உள்ளதற்கு மேல் வாங்குவதும் அவ்வாறே.

ஜகாத்து விஷயத்தில், வாடகைக்கு விட்ட கட்டிடத்தின் மதிப்பின் மீது ஜகாத்து இல்லை. வாடகைப் பணம் செலவு போகச் சேர்ந்து, நிஸாபை அடைந்து, ஓராண்டு நிறைந்தால் நூற்றுக்கு இரண்டரை வீதம் கொடுத்தாக வேண்டும். 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமியும் கட்டிடத்திற்கு ஜகாத்து இல்லை, அதன் வருவாய்க்கே உண்டு என்று தீர்மானித்தது.

எல்லாவற்றையும் கேட்டுச் சற்று நேரம் மௌனமாயிருந்த அச்சகோதரர், "வாங்கிய 50,000 ரூபாயை என்ன செய்வது?" என்றார். "பாய்! அதை அப்படியே திருப்பிக் கொடுத்து, காரணத்தையும் சொல்லுங்கள். வீடு கட்டி முடிந்தபின் அவர் விரும்பினால் வாடகைக்கு வரட்டும்" என்றோம். மறு வாரம் வந்து, "கொடுத்துவிட்டேன் ஹஜ்ரத். நாலு வீடு இரண்டாகிவிட்டது, ஆனால் இரவில் தூக்கம் வருகிறது" என்றார்.

பரக்கத் என்பது வீடுகளின் எண்ணிக்கையில் இல்லை, சகோதரர்களே! வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஜ்கைத் தந்து, வட்டியின் நிழலும் நம் வாசலில் விழாமல் காத்தருள்வானாக! ஆமீன்.