மண்ணில் பட்ட அடி

சித்தூருக்கு அருகே, பாகுதா நதிக்கரையில் உள்ள காணிப்பாக்கத்தின் தலவரலாற்றை அன்பர்கள் பலர் அறிவர். பார்வையற்றவர், பேச இயலாதவர், செவி கேளாதவர் என மூன்று சகோதரர்கள் தம் காணிக்கு நீர் வேண்டிக் கிணற்றை ஆழப்படுத்தினர். கருவி கல்லில் பட, கல்லிலிருந்து குருதி பெருகியது, மூவர் குறையும் நீங்கியது, விநாயகர் வெளிப்பட்டார். நாம் அருளை நினைக்கிறோம், அடியை நினைப்பதில்லை. நல்ல நோக்கத்தோடு இறங்கும் கருவியும் மண்ணுக்குள் இருப்பதைக் காயப்படுத்துமா?

இது பழைய கேள்வியே. இரும்பு முனை பூமியையும் அதிலுள்ள உயிர்களையும் துன்புறுத்துகிறது என்று உழவைக் குறைகூறுகிறது மனுஸ்மிருதி. உழவரைத் தாழ்த்தும் அம்முடிவை ஏற்க வேண்டியதில்லை. வள்ளுவர் உழவைப் போற்றியவர். நன்கு உழுது புழுதியை உலர்த்தினால் எருவே வேண்டாம் என்று 1037-ஆம் குறளில் கூறும் அவர், அடுத்த குறளிலேயே உழுவதினும் எருவிடுதல் நன்று என்கிறார்.

இன்றைய மண்ணியல் இதற்கு விளக்கம் தருகிறது. அடிக்கடி உழும்போது மண்புழுவின் வளைகளும் பூஞ்சை இழைகளும் அறுபடுகின்றன. மட்கு விரைவில் சிதைகிறது. மூடாக்கற்ற மேல்மண்ணை முதல் பெருமழை அடித்துச் செல்கிறது. ஒரு அங்குல மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். உழாமலே பயிர் செய்துகாட்டிய ஜப்பானியர் மசனோபு ஃபுகோகாவுக்கு 1988-இல் மகசேசே விருது கிடைத்தது. ஆந்திர அரசு 2016-இல் தொடங்கிய இயற்கை வேளாண்மைத் திட்டமும், மண்ணை இயன்றவரை கிளறாதிருத்தல், ஆண்டு முழுதும் நிலத்தைப் பசுமையால் மூடியிருத்தல் ஆகியவற்றை வலியுறுத்துகிறது. ‘இயன்றவரை’ என்பதே நேர்மையான சொல். சித்தூர்ச் செம்மண்ணில் விளையும் நிலக்கடலையை மண்ணைக் கிளறாமல் எப்படிப் பறிப்பது?

ஆயினும் உழாமை தானே அகிம்சை ஆகிவிடாது. அமெரிக்கப் பெரும்பண்ணைகள் பலவற்றில் கலப்பையின் இடத்தைக் களைக்கொல்லி பிடித்துக்கொண்டது. கை ஓய்ந்தது; நஞ்சு உழைக்கிறது. கர்மத்தில் அகர்மம் காண்பதைப் பற்றிக் கீதை பேசுகிறதே, அது நிச்சயம் இதுவன்று! நஞ்சைத் தவிர்ப்பவர் கலப்பை செய்த வேலையை மூடாக்குக்கும் ஊடுபயிருக்கும் மண்புழுவுக்கும் விடவேண்டும். அதற்கு அன்றாடம் கவனம் தேவை. பல ஆண்டுப் பொறுமையும் தேவை.

அப்பொறுமையின் விலையை யார் தருவது? ஓராண்டுக் குத்தகைக்கு நிலம் பிடித்தவர், தொடக்க ஆண்டுகளில் களையையும் குறைந்த விளைச்சலையும் தாங்குகிறார். மண் தேறும் வேளையில் குத்தகை முடிகிறது. வளம் நிலவுடைமையாளருக்குப் போகிறது. பலன் கருதாமல் உழைக்கும்படி அவரிடம் மட்டும் சொல்வது அறமாகாது. குத்தகைக் காலத்தை நீட்டித் தருவது நிலமுடைய அன்பர்களின் கையில் இருக்கிறது.