சக்கரத்தைப் பிடித்திருப்பவர் யார்?

புதிதாகக் கார் வாங்கி நெடுஞ்சாலையில் ஓட்டிச் செல்லும் அன்பர்கள் அண்மைக் காலமாக ஒரு விசித்திர அனுபவத்தைச் சொல்லக் கேட்கிறோம். கார் சற்றே ஒதுங்கி வெள்ளைக் கோட்டை நெருங்கும்போது, கையிலிருக்கும் ஸ்டியரிங் தானே மெல்லத் திரும்பி வண்டியைத் தடத்தின் நடுவுக்குக் கொண்டுவருகிறதாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் பேசாமல் முழங்கையைத் தொட்டுத் திருத்துவது போலிருக்கிறது என்கிறார் ஒருவர். சக்கரத்தை யாரோ பறிக்க வருவது போலிருக்கிறது என்று சலித்துக்கொள்கிறார் மற்றொருவர். இருவரும் ஓட்டுவது ஒரே வகைக் கார்தான்.

இதில் மாயமொன்றுமில்லை. முன்கண்ணாடியின் பின்னால் பொருத்திய சிறு கேமரா சாலைக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே வருகிறது. ஸ்டியரிங்குக்கு உதவும் மின்மோட்டார் அதன் சொற்படி சிறிது விசை கொடுக்கிறது. 2001ஆம் ஆண்டில் ஜப்பானில் நிஸ்ஸான் சீமா என்ற உயர்ந்த விலைக் காரில் வந்த இந்த ஏற்பாடு, 2021ஆம் ஆண்டில் நம் மலேசியாவின் மைவி காரிலேயே வந்துவிட்டது. பெரும்பாலும் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல்தான் இது வேலை செய்யும். அடைமழையிலும், கோடு அழிந்த இடத்திலும் அது கண்ணிழந்ததற்குச் சமானம். தார் ஒட்டுப்போட்ட வரியைக் கோடென்று எண்ணி ஏமாறுவதும் உண்டு.

நம் முன் நிற்கும் கேள்வி இதுதான்: கையோடு இன்னொரு கையும் சேர்ந்து சக்கரத்தைத் திருப்பும்போது, ஓட்டுகிறவர் யார்? தவறு நேர்ந்தால் பழி யாரைச் சேரும்? “பாதி நான், பாதி கார்” என்று சிலர் விளையாட்டாகச் சொல்கிறார்கள். இந்தக் கணக்கை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. ஐக்கிய நாடுகள் அமைப்பின் கீழ் ஸ்டியரிங்குக்கென வகுக்கப்பட்டுள்ள 79ஆம் விதி, கருவியின் திருப்பத்தை மீறுவதற்கு ஓட்டுநர் செலுத்த வேண்டிய விசை 50 நியூட்டனைத் தாண்டலாகாது என்கிறது. ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கும் பலம் என்று வைத்துக்கொள்ளலாம். முதியவரும் மெலிந்தவரும்கூட அதை வென்றுவிட முடியும். கருவி தோற்கும்படியே செய்யப்பட்டிருக்கிறது! வெல்லும் சக்தி நம் கையில் விடப்பட்டிருக்கும்போது பொறுப்பில் பாதியை மோட்டாரின் தலையில் கட்டுவது எவ்விதம் நியாயமாகும்?

ஆயினும், பொறுப்பு மனிதனுடையது என்று சொல்லிவிட்டு அதை அவன் நிறைவேற்ற முடியாத நிலையில் வைப்பதும் நியாயமன்று. நார்மன் மாக்வொர்த் என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர் 1948ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டார். கடிகார முள் போன்ற ஒன்று ஓடிக்கொண்டேயிருக்கும். எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டு சொல்ல வேண்டும். அரைமணி நேரத்திற்குள்ளாகவே பார்ப்பவர்களின் கவனம் குன்றிவிட்டது. வேலை செய்யும் மனிதன் விழித்திருக்கிறான். வேறொன்று செய்யும் வேலையைக் காவல் காக்கும் மனிதன் அயர்கிறான். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். பெருநாள் கூட்டத்தில் அந்தத் தூரம் முழுவதும் கருவிக்குக் காவலிருக்கச் சொன்னால், நல்லவர், வல்லவர் யாராயினும் மனம் அலையத்தான் செய்யும்.

இதனாலேதான், இடைவிடாமல் தடத்தின் நடுவிலேயே ஓட்டிச் செல்லும் வகையில், கை சக்கரத்தில் இல்லையென்றால் 15 வினாடிக்குள் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. அதையும் ஏய்ப்பதற்குச் சக்கரத்தில் ஆரஞ்சுப் பழத்தைச் செருகிவைத்த புத்திசாலிகள் உலகில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் யாரை ஏமாற்றினார்கள்? கருவிக்கு மனைவி மக்கள் கிடையாது. ஏமாந்ததால் அதற்கொரு நஷ்டமுமில்லை.

இனி நெடுஞ்சாலையை விட்டுக் கம்பத்துப் பக்கம் போகும் பழைய இருவழிச் சாலைக்கு வருவோம். இருமருங்கும் செம்பனை. இடது ஓரத்தில் ஒரு முதியவர் சைக்கிளில் புல்கட்டை ஏற்றிக்கொண்டு தள்ளாடிப் போகிறார். எதிரே வண்டியில்லை. நல்ல ஓட்டுநர் என்ன செய்வார்? யோசனைகூட இல்லாமல் வலப்பக்கம் ஒதுங்கி, வேண்டுமானால் நடுக்கோட்டின் மேலேயே ஏறி, அவருக்கு வழிவிட்டுப் போவார். கோட்டை மட்டும் பார்க்கும் கருவிக்கு இது பிசகு. அது சக்கரத்தை இடப்பக்கம், அந்த முதியவர் இருக்கும் பக்கமாகவே, இழுக்கும்.

இழுப்பு சிறியதுதான், கை அதை வென்றுவிடும். ஆனால் அந்த ஒரு நொடியில் ஓட்டுபவர் உணர்வது சாமானியமானதன்று. ஒழுங்கு ஒரு பக்கமும் இரக்கம் மற்றொரு பக்கமுமாக ஒரே சக்கரத்தைப் பிடித்து இழுக்கின்றன. சாலையில் கோடு போட்டது மனிதர் மோதிக்கொள்ளாமலிருப்பதற்கு. கோட்டைக் காப்பாற்றுவதற்காக மனிதரை நெருங்கிப் போவது தலைகீழ் நியாயம். நம் நாட்டில் சாலையில் மாண்டுபோகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதை நினைத்தால், ஓரத்தில் போகிறவருக்கு ஒரு முழம் இடம் கூடுதலாக விடுவது தயவன்று, கடமை என்பது விளங்கும். பழக்கத்தின் காரணமாகச் சக்கரத்தின் இழுப்புக்கெல்லாம் இணங்கிப் போகும் கை, இந்த ஒரு முழத்தை விட்டுக்கொடுக்குமா என்பதே நம் அச்சம்.

ஒதுங்குவதற்கு முன் வலப்பக்கச் சிக்னல் விளக்கைப் போட்டால் பெரும்பாலான கார்களில் கருவி அடங்கிவிடும். இது நல்ல ஏற்பாடு. சிக்னல் போடாமலே தடம் மாறுகிறவர்கள்கூட இந்த இழுப்புக்குப் பயந்து இப்போது போடத் தொடங்கியிருக்கிறார்கள். பயத்தால் வந்த பண்பு பண்பாகுமா என்று வாதிடுவோர் வாதிடட்டும். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு விளக்கு எரிந்தால் போதும். எதனால் எரிந்தது என்று அவர் கேட்கப்போவதில்லை.

கார் விற்பவர்கள் சோதனை ஓட்டத்திற்கு நல்ல நெடுஞ்சாலையாகப் பார்த்துத்தான் அழைத்துச் செல்கிறார்கள். வாங்கும் அன்பர்கள் ஒருமுறை பழைய இருவழிச் சாலையிலும் ஓட்டிப் பார்க்கக் கேட்கலாம். கருவியை நிறுத்தும் விசை எங்கே இருக்கிறது, காரை அணைத்து மீண்டும் கிளப்பினால் அது தானே உயிர்பெறுமா என்பவற்றையும் அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வீட்டில் அதே காரை ஓட்டப்போகும் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது. அவர்களில் பலர் இந்த இழுப்பில்லாத சக்கரத்தில்தான் ஓட்டிப் பழகி லைசென்ஸ் வாங்கியிருப்பார்கள்.