பார்த்துக்கொண்டிருப்பவனின் மௌனம்

'மனிதத் தவறு' என்ற சொற்சேர்க்கை நிர்வாகங்களுக்கு மிகவும் பிடித்தமானது. அதை உச்சரித்த மாத்திரத்தில் விசாரணை முடிந்துவிடுகிறது. தவறியவன் பெயர் கிடைத்தாயிற்று. மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை.

1943இல் அப்படி முடிந்துபோன ஒரு விஷயத்தை அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் மறுபடி திறந்தார். பி-17 குண்டுவீச்சு விமானங்களைப் பத்திரமாகத் தரையிறக்கிய விமானிகள், இறக்கை மடல்களை உள்ளிழுப்பதற்குப் பதில் சக்கரங்களை உள்ளிழுத்தார்கள். விமானம் வயிறு தரையில் மோத விழுந்தது. சபானிஸ் விமானிகளை விட்டுவிட்டு விமானி அறையைப் பார்த்தார். இரண்டு விசைகளும் ஒரே வடிவம், பக்கத்தில் பக்கத்தில். சக்கரத்தின் விசையில் ஒரு சிறு ரப்பர்ச் சக்கரமும் மடலின் விசையில் ஆப்பு வடிவத் துண்டும் பொருத்தினால் போதும், கையே வித்தியாசத்தை அறிந்துகொள்ளும் என்றார். 1947இல் ஃபிட்ஸ், ஜோன்ஸ் இருவரும் இத்தகைய 460 அனுபவங்களை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையின் தலைப்பில், 'விமானியின் தவறு' என்பது மேற்கோள் குறிகளுக்குள் இருக்கிறது. விமர்சகர்கள் அந்தக் குறிகளைக் கவனிக்க வேண்டும்.

மென்பொருள் செய்கிறவர்கள் இந்தப் பாடத்தை ஒரு முறையாக ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். 1985இல் கூல்ட், லூயிஸ் என்ற இருவர் அதை மூன்றாகச் சுருக்கினார்கள்: ஆரம்பத்திலேயே உபயோகிப்பவனையும் அவன் வேலையையும் அறிவது, அவன் உபயோகிப்பதை நேரில் அளப்பது, திருத்தி, மறுபடி சோதிப்பது. தெரிந்ததுதானே என்று தோன்றும். ஆனால் அவர்கள் வடிவமைப்பாளர்களையே எழுதிக் கொடுக்கச் சொன்னபோது, மூன்றையும் எழுதியவர்கள் சிறுபான்மையே.

இதில் என்னை உறுத்துவது இரண்டாவது. ஒருவனை இயந்திரத்தின்முன் உட்காரவைத்து, ஒரு காரியத்தைக் கொடுத்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறார்கள். 'நாங்கள் சோதிப்பது உங்களையல்ல, ப்ரோகிராமை' என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். அவன் தடுமாறுகிறான். பக்கத்தில் இருப்பவனுக்கு விடை தெரியும். சொல்லமாட்டான். இன்னொருவன் திணறுவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருப்பது எந்த வகை அறம்?

இன்று கைகொடுத்தால் இவன் தப்பித்துக்கொள்வான். நாளை தன் மேஜையில் தனியாக இருக்கும்போது? செய்தவன் அங்கே இருக்கப்போவதில்லை. அந்த இன்மையை முன்கூட்டியே நடித்துப் பார்ப்பதுதான் இந்த மௌனம். ஆனால் அது ஒரு கடனையும் ஏற்படுத்துகிறது. பார்த்தது பொருளைத் திருத்தவில்லையென்றால், மிஞ்சுவது ஒருவனுடைய அவமானத்தை வேடிக்கை பார்த்த காரியம் மட்டுமே. ஏனெனில் தடுமாறுகிறவன் பெரும்பாலும் தன்னையே நொந்துகொள்கிறான். 'நான்தான் சரியாகப் பார்க்கவில்லை.' நிர்வாகத்தின் சொற்சேர்க்கை அவனுக்குள்ளேயே குடியேறியிருக்கிறது.

தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் குறைந்தது ஆறு நோயாளிகள்மீது அபரிமிதமான கதிர்வீச்சைப் பாய்ச்சியது. சிலர் இறந்தார்கள். மூலக்குற்றம் ப்ரோகிராமுக்குள் இருந்தது. ஆனால் 1986இல் டெக்ஸாஸில், அதை இயக்கியவர் திரையில் கண்டது 'மால்ஃபங்ஷன் 54' மட்டுமே. அந்த எண்ணுக்கு அவர் கையிலிருந்த கையேட்டில் விளக்கமில்லை. இத்தகைய செய்திகள் அடிக்கடி வருபவை. 'பி' என்ற ஒரு விசையைத் தட்டினால் சிகிச்சை தொடரும். தட்டினார். நோயாளிமீது இரண்டாம் முறை பாய்ந்தது.

இதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் புரியாத கவிதையும் குற்றம்தானே' என்று யாராவது நம்மிடம் வரக்கூடும். நான் ஒப்பமாட்டேன். கவிதையை வாசகன் மூடிவைக்கலாம். பத்து வருஷம் கழித்துத் திறக்கலாம், திறக்காமலே போகலாம். அங்கே கடினம் என்பது அவன் சம்மதத்துடன் நேர்வது. வங்கி கவுண்டரில் இருப்பவனுக்கு அந்தச் சலுகை இல்லை. நான் அங்கே உட்காருகிறவன். திரையைத் தேர்ந்தெடுத்தவர் அங்கே உட்காருவதில்லை. உட்காருகிறவனை யாரும் கேட்பதில்லை. எதிரே பென்ஷன் வாங்க வந்த கிழவர் நின்றுகொண்டு, திரை மசியாத ஒவ்வொரு கணத்தையும் இவனுடைய சாமர்த்தியக் குறைவாகக் கணக்கு வைத்துக்கொள்கிறார். விலகிப்போக முடியாதவனுக்குத் தெளிவு ஒரு உரிமை. விலகக்கூடியவனிடம் அதைப் பற்றிக் கவிஞன் பேரம் பேசலாம்.

சோதனை அறையில் ஒரு நியதி உண்டு: வந்திருப்பவன் விரும்பினால் எந்த நிமிஷமும் எழுந்து போகலாம். நல்ல நியதிதான். ஆனால் அறைக்கு வெளியே, அதே திரையின்முன் இருக்கும் குமாஸ்தாவுக்கும் கதிர்வீச்சு இயக்குபவருக்கும் அது கிடையாது. மௌனமாகக் குறிப்பெடுப்பவன் தன் நோட்டில் முதல் வரியாக இதை எழுதிக்கொள்ளலாம்.