உடன்பிறந்த மரம்

தூத்துக்குடிக் கரைக்குப் புன்னையைத் தேடிப் போனவன் நான். கண்ணில் பட்டவை பெரும்பாலும் உப்பளங்களும் உடைமரங்களுமே. இந்தக் கரைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது முத்து என்கிறார்கள். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பே நடக்கவில்லை. பாண்டியரின் முத்துத் துறையாக விளங்கிய கொற்கையோ, கடல் விலகிப் போய், சில மைல் உள்ளே ஒரு கிராமமாக இருக்கிறது. ஆனால் பழைய கவிகள் கடற்கரை நிலத்துக்குப் பெயர் வைத்தபோது முத்தை எண்ணவில்லை. கழியில் பூக்கும் ஒரு பூவை எண்ணினார்கள். நெய்தல்!

அந்த நெய்தல் பாட்டுக்களில் ஒன்று, நற்றிணையின் 172-ஆம் பாட்டு, வெகு நாளாக என்னைத் தொந்தரவு செய்து வருகிறது. கதை சிறியதுதான். விளையாட்டாக ஒரு புன்னை விதையை மணலில் புதைத்துவிட்டுச் சிறுமிகள் மறந்து போனார்கள். அது முளைத்தது. பாலும் நெய்யும் வார்த்து வளர்த்தார்கள். இவளும் உங்கள் உடன்பிறந்தவள்தான், உங்களைவிட ஒரு படி உசத்தி என்று தாய் சொல்லி வைத்தாள். பெண் வளர்ந்தாள், காதலன் வந்தான். அந்த நிழலில் நின்று உன்னோடு சிரித்துப் பேச வெட்கமாயிருக்கிறது, வேறு நிழல் பார்க்கலாம் என்கிறாள் தோழி.

கல்யாணத்தைத் துரிதப்படுத்தத் தோழி செய்யும் தந்திரம் இது என்பார்கள் உரைகாரர்கள். சாக்கு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சாக்குப் பலிக்க வேண்டுமானால் கேட்பவன் நம்ப வேண்டுமே! காய்ச்சல் என்றால் நம்புவான். மரத்துக்கு முன்னால் வெட்கம் என்றால்? அவன் சிரிக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பொய்க்கு அடியில் ஒரு மெய் இருந்திருக்கிறது.

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் பள்ளிக்கூடத்திலேயே நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். பெரிய மனம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் கொடுக்கிறவன் கொஞ்சம் மேலே நிற்கிறான். வெட்கப்படுகிறவளோ மரத்துக்குச் சமமாக நிற்கிறாள். செடியின்மேல் இரக்கப்படுவது எளிது. அதன் முன்னால் கூச்சப்படுவது அத்தனை எளிதல்ல.

அதே புன்னையின் விதையை ஆட்டி விளக்கெரித்தார்கள். மரத்தை அறுத்துப் படகுக்கும் கொண்டுபோனார்கள். உடன்பிறந்தவளையா அறுப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். உறவு எல்லாப் புன்னைகளோடும் அல்ல, தன் கையால் புதைத்த அந்த ஒன்றோடு மட்டுமே. இது நியாயமா? மனிதர்களிடத்திலும் நாம் இப்படித்தானே இருக்கிறோம்!

எங்கள் வீட்டுக் கொல்லையில் அம்மா வைத்த வேம்பு ஒன்று இருந்தது. அறை கட்ட இடம் போதவில்லை என்று வெட்டச் சொன்னவன் நானே. அம்மா தடுக்கவில்லை. கோடரியோடு ஆள் வந்த அன்று விடிந்ததுமே சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். நான் முன்வாசலில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். கொல்லைப்பக்கம் போகவில்லை. கூலி கொடுக்கக்கூடப் பையனைத்தான் அனுப்பினேன்.