பணம் போச்சா, இல்லையா?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கத் தலைகள்தான். அந்த நெரிசலில் செல்போன் சிக்னலும் திணறும். குபேர லிங்கம் வரை நடந்து வந்தவர் இளநீர் குடித்துவிட்டு, கடையில் தொங்கும் அட்டையை ஸ்கேன் செய்கிறார். திரையில் வட்டம் சுற்றுகிறது. பிறகு ஒரு வரி: “ஏதோ தவறு நேர்ந்துவிட்டது.” கடைக்கார அம்மா தன் போனைப் பார்த்துவிட்டு, “இன்னும் ஏறலியேப்பா” என்கிறார்.

ஏதோ என்றால் எது? இளநீர் குடித்தவருக்கு வேண்டியது ஒரே பதில்: பணம் போச்சா, இல்லையா? போகவில்லை என்றால் மறுபடி அனுப்பலாம். வழியில் நிற்கிறது என்றால் பொறுத்திருக்க வேண்டும். இதைச் சொல்லாத செய்தி, ஒரு இளநீருக்கு இரண்டு முறை காசு கொடுக்க வைத்துவிடும். அதுவும் குபேரன் சன்னதிக்குப் பக்கத்திலேயே!

இத்தனைக்கும் காரணம் பெரும்பாலும் செயலிக்குத் தெரியும். யுபிஐ முறையை நடத்தும் என்பிசிஐ ஒவ்வொரு தோல்விக்கும் தனிக் குறியீடு வைத்திருக்கிறது. கணக்கில் பணம் போதாவிட்டால் இசட்-9, பின் எண் தப்பென்றால் இசட்-எம். அந்தக் குறியீட்டை வாங்கி வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒரே வரியைக் காட்டுவது சோம்பேறித்தனம். குறியீட்டை அப்படியே திரையில் கொட்டுவதும் அதே சோம்பேறித்தனம்தான். அது லாக் கோப்புக்குப் போகவேண்டிய சரக்கு. (உள்நுழையும் திரையில், கடவுச்சொல் தப்பா, பயனர் பெயர் தப்பா என்று பிரித்துச் சொல்லாமல் விடுவதில் மட்டும் நியாயம் உண்டு. திருடனுக்கு எதற்குத் துப்பு?)

“உங்கள் வங்கியிடமிருந்து பணம் எடுக்க முடியவில்லை. 50 ரூபாய் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. மறுபடி முயலுங்கள்.” இவ்வளவு போதும்.

சிக்கலானது இன்னொரு நிலை. கோரிக்கை போய்விட்டது, பதில்தான் வரவில்லை. அது தோல்வி அல்ல; முடிவு தெரியாத நிலை. அதைத் தோல்வி என்று காட்டுவது பொய். “பணம் சேர்ந்ததா என்று இன்னும் உறுதியாகவில்லை, மறுபடி அனுப்பாதீர்கள்” என்று தெரியாததைத் தெரியாது என்றே எழுதுகிற நிரலாளர்தான் கெட்டிக்காரர்.

இப்படி நடுவில் நிற்கும் பணத்துக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே விதி வகுத்துவிட்டது. கடைக்குச் செலுத்தியது உறுதியாகாவிட்டால், 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. செயலி எழுதுகிறவர்களே, பிழைச் செய்திக்குக் கீழே இதையும் ஒரு வரி, தமிழில், போட்டுவிடுங்கள்.