குறை சொன்னவருக்கு என்ன பதில்?

பாரூரில் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தபோது, உப்புத் தடவி மடித்த ஆட்டுத் தோல்களை ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். வாணியம்பாடிக்குப் போகிறதாம். வாடை தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஓசூரில் தொழிற்சாலை உத்தியோகம் பார்க்கும் அக்காள் மகன் சிரித்தான். "இந்தத் தோலுக்குள்ளே இருக்கிற ரகசியத்தைக் கண்டுபிடித்தவருக்குத்தான் மாமா, நோபல் பரிசு கொடுக்காமல் ஏமாற்றிவிட்டார்கள்!" என்றான்.

அவன் சொன்னது ஜி. என். ராமச்சந்திரனை. 1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்து, பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் பயின்று, 1952-இல் சென்னைச் சர்வகலாசாலைக்குப் பௌதிகப் பேராசிரியராக வந்தவர். தோலையும் எலும்பையும் தசைநாணையும் இழுத்துப் பிடித்திருக்கும் கொல்லாஜன் என்ற புரதத்தின் வடிவம் அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. சென்னையிலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. அதில் எக்ஸ்-ரே கதிரைச் செலுத்தி, பிலிமில் விழுந்த புள்ளிகளைக் கொண்டு உருவத்தை ஊகித்தார்கள் அவரும் கோபிநாத் கர்த்தாவும். கண்ணால் காண முடியாத ஒன்றை அதன் நிழலிலிருந்து சொல்கிற வேலை. கதை எழுதுகிறவனுக்கு இது புரியும். மூன்று புரிகள் சேர்ந்த கயிறு அது என்று 1954-இல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள்.

அடுத்த வருஷமே, 1955-இல், ரிச், கிரிக் என்ற இருவர் தங்கள் திருத்தத்தை வெளியிட்டார்கள். சென்னை மாதிரியில் சில அணுக்கள் நெருங்கக் கூடாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்பது ஆட்சேபம். ஹைட்ரஜன் பிணைப்புக் கணக்கில் அவர்கள் சொன்னதே பின்னால் நிலைத்தது. மூன்று புரி என்ற மூலக் கருத்து மட்டும் சென்னையினுடையதுதான்.

இங்கே ராமச்சந்திரன் செய்த காரியம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. எவ்வளவு நெருங்கினால் 'மிகவும் நெருக்கம்'? அதை யார் அளந்தார்கள்? அவரே அளக்கப் புறப்பட்டார். அதுவரை வெளியான படிக அமைப்புகளைப் புரட்டி, அணுக்கள் உண்மையில் எந்தத் தூரம்வரை நெருங்குகின்றன என்று கணக்கெடுத்தார். அதிலிருந்து, ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் முடியாது என்று ஒரு படம் வரைந்து 1963-இல் வெளியிட்டார். இன்று உலகில் எவர் புரத அமைப்பைத் தீர்த்தாலும், அது சரிதானா என்று அந்த ராமச்சந்திரன் படத்தில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள்.

என் சங்கதிக்கு வருகிறேன். ஒரு பத்திரிகை ஆசிரியர் என் நாவலைத் திருப்பி அனுப்பி, "உங்கள் கதாநாயகி இப்படி மன்னிக்கமாட்டாள்" என்று எழுதியிருந்தார். பதினொரு வருஷம் அவரைத் திட்டினேன். மன்னிப்பாளா, மாட்டாளா என்று ஒருநாள்கூட உட்கார்ந்து யோசிக்கவில்லை.

ஆனால் இதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. குத்து வாங்கியவன் அதனால் உயர்ந்தான் என்று கொண்டாடும்போது, பங்கை மறந்தவர்களுக்கு நாமே வக்காலத்து வாங்கிவிடுகிறோம். 1977-இல்தான் ராயல் சொஸைட்டி அவரைச் சேர்த்துக்கொண்டது. 2001-இல் நோபல் பரிசு இல்லாமலே காலமானார். பையன் கோபம் பொய்யல்ல.

"அப்படியானால் அந்த இரண்டு பேரும் சொன்னது சரியா, தப்பா? ஒன்றைச் சொல்லுங்கள் மாமா," என்றான் இரவு சாப்பிடும்போது. "கணக்கில் சரி," என்றேன். அவனுக்குத் திருப்தியில்லை. எனக்கும்தான்.